பெல்டனின் வெள்ளிக்கிழமைத் தாள்கள்

வெள்ளிக்கிழமை மதியம் வழக்கம்போல் பெல்டன் வீட்டுக்கு அத்தியாயம் வாங்கப் போனேன். எங்கள் ஒஹையோ ஊரின் வாரப் பத்திரிகையில் அச்சுக் கோக்கிறவன் நான். ஹோரஸ் பெல்டன் அதில் தொடர்கதை எழுதுகிறவர். மேற்குச் சமவெளியில் நீராவியில் ஓடும் இரும்புக் குதிரை, அது இதென்று வாய் கூசாமல் புளுகுவார். ஊர்க்காரர்களின் பெயரையே பாத்திரங்களுக்கு வைப்பார். அதற்கு ஊரே அடித்துக்கொள்ளும். நானும் உப்பிட்ட பன்றித்தொடை ஒன்றைக் கொடுத்து, ஆறு வயது மகள் லெட்டியின் பெயரைக் கதையில் நுழைத்திருந்தேன்.

அவர் தங்கை கெசியா கறுப்பு உடையில் வந்து கதவைத் திறந்தாள்.

“அண்ணன் செவ்வாக்கிழமையே போயிட்டாருங்க. நேத்துதான் ஊருக்குச் சொல்லாம புதைச்சோம்.”

“எனக்குச் சேதியே வரலையேம்மா. அப்ப கதை?”

தாள்களை நீட்டினாள். “காலைல மேசை மேல இருந்துச்சு. எப்படின்னு கேக்காதீங்க.”

மை ஈரமாக இருந்தது.

அச்சகத்தில் கோக்க உட்கார்ந்தேன். கதையில் லெட்டி பனிப்புயலில் இரும்புக் குதிரையிலிருந்து விழுகிறாள். கால் விறைத்து, வழி தெரியாமல் நிற்கிறாள். கையெழுத்தில் ஓர் எழுத்தையும் மாற்றக்கூடாது என்பது எங்கள் தொழிலின் சட்டம். மீறினேன். ‘அவள் பத்திரமாக வீடு வந்தாள்’ என்று கோத்து, மை தடவி, ஒரு தாள் அச்செடுத்துப் பார்த்தேன்.

அச்சில் அவள் பனியில்தான் நின்றாள்.

வீட்டுக்கு ஓடினேன். மனைவி ரோடா அடுப்பில் பீச் பழ ஜாம் கிண்டிக்கொண்டிருந்தாள்.

“லெட்டி எங்க?”

“காலு சில்லுன்னு இருக்குன்னு போய்ப் படுத்தா. ஆகஸ்ட் வெயில்ல என்னடி குளிருன்னு திட்டுனேன்.”

படுக்கை காலி.

தலையணையில் பனி உருகிக்கொண்டிருந்தது.

மறுபடி பெல்டன் வீட்டுக்கே ஓடினேன். பூட்டிய எழுத்தறைக்குள் பேனா கீறும் சத்தம். தட்டித் தட்டிக் கை வீங்கியது.

“ஐயா, அவ பேரை எடுத்துட்டு என் பேரைப் போடுங்கய்யா.”

கெசியா மெல்லச் சொன்னாள்: “எழுதுறப்ப யார் சொல்றதும் அவர் காதுல விழாதுங்க. உயிரோட இருந்தப்பவே அப்படித்தான்.”

ஏழு மாதமாகிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் தாள் வருகிறது. கதை நிலாவுக்கே போய்விட்டது. ஒரு பாத்திரத்தைப் பாதியில் விட்டுவிட்டு இன்னொன்றின் பின்னால் போவது அந்த மனிதரின் பழக்கம். அவர் கையெழுத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றி எரிகிறது. ஆனாலும் கோக்கிறேன். நான் நிறுத்தினால் அவள் திரும்பி வர வழியே இல்லை.

இந்த வாரமும் கடைசி வரிவரை தேடினேன். லெட்டியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.