மகாராணி படுக்கும் இடம்

வாயாடிக்கு அன்று வாயே திறக்கவில்லை. வீட்டில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

வடக்கே வெகு தொலைவில் இருந்த நகரம் அது. குளிர்காலத்தில் சூரியன் தாமதமாக எழுந்து, தாழ்வாகவே நடந்து, சீக்கிரம் கிளம்பிவிடும். கரண்டு பில்லுக்குப் பயந்து வீட்டில் ஒரே அறையில்தான் ஹீட்டர் ஓடியது. நாலு பேரும் அங்கேயே நெருக்கியடித்துத் தூங்கினார்கள். அதனால்தான் அப்பா சோலார் பொருத்துகிறவரை வரச் சொல்லியிருந்தார்.

வந்தவர் கூரையைப் பார்த்துவிட்டு ஏணியிலிருந்து இறங்கினார். "கூரை பூரா நிழல் சார். முன்னாடி நிக்கிற மரத்தை வெட்டினாத்தான் பொருத்த முடியும்."

"வேற வழி?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல."

அவள் தம்பி பொடியன் ஓடிப்போய் மரத்தைக் கட்டிக்கொண்டான். தினமும் அதற்கு டாட்டா சொல்லாமல் அவன் பள்ளிக்குக் கிளம்பமாட்டான்.

"அக்கா, அதுக்கு வலிக்குமா?"

வலிக்காது என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. "வெட்ட விடமாட்டேன்டா" என்றாள். எப்படி என்று அவளுக்கே தெரியவில்லை.

அப்போது அவர்களுடைய பூனை வெளியே வந்தது. அதன் பெயர் மகாராணி. பனியில் கால் வைத்ததும் ஒவ்வொரு காலாக உதறிக்கொண்டு கொல்லைப்புறம் நடந்தது. ஷெட்டின் தகரக் கூரை மேல் தாவி ஏறிப் படுத்துக்கொண்டது. தினமும் அங்கேதான்.

வாயாடிக்குச் சட்டென்று வாய் திரும்பி வந்தது.

"அண்ணே, அந்த ஷெட் மேல பாத்தீங்களா?"

"அதை யாரும்மா பாப்பாங்க?"

"எங்க பூனை பாக்குது. பகல் பூரா அங்கதான் படுக்கும்."

அவர் சிரித்தார். "பூனை வெயிலைத் தேடாது, சூட்டைத் தேடும். கீழ ஏதாவது ஹீட்டர் ஓடும்."

"கீழ என் ஓட்டை சைக்கிளும் அப்பாவோட குப்பையும்தான் இருக்கு."

"குப்பையா?" என்றார் அப்பா.

"பனியையும் பாருங்கண்ணே. வீட்டுக் கூரை இன்னும் வெள்ளையா இருக்கு. ஷெட்ல மட்டும் உருகிடுச்சு. அது ஓரமா ஒதுங்கி நிக்குது, மரத்து நிழலும் வீட்டு நிழலும் அங்க வர்றதே இல்ல."

அவர் சிரிப்பை நிறுத்தினார். ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார். ஷெட் மேல் வெயில் அளக்கும் கருவியை இப்படியும் அப்படியும் பிடித்துப் பார்த்தார். மகாராணி நகரவே இல்லை.

"இடம் சின்னது சார். வீடு முழுசுக்கும் பத்தாது. குளிர்காலத்துல, பகல்ல இன்னொரு ஹீட்டர் வேணா ஓடும்."

அப்பா மரத்தைக் கட்டிக்கொண்டு நின்ற பொடியனைப் பார்த்தார். "போதும். அதுலயே போடுங்க."

"மூலையில கொஞ்சம் இடம் விட்டுடுங்கண்ணே" என்றாள் வாயாடி.

"எதுக்கு?"

"கண்டுபிடிச்சவங்க எங்க படுப்பாங்க?"

அவர் இடம் விட்டார்.

வேலை முடிந்த மறுநாள் காலை, பொடியன் மரத்துக்கு டாட்டா சொன்னான். பிறகு ஷெட்டைப் பார்த்து இன்னொரு டாட்டா.

மகாராணி கண்ணைத் திறக்கவே இல்லை. வாலை மட்டும் ஒருமுறை ஆட்டியது.