நானூறுக்குப் போன தூக்கம்

ஒரு குழந்தையின் நிம்மதியான தூக்கம் நானூறு ரூபாய்க்கு விலை போனது. முழுத் தூக்கம் அல்ல, அரை நிமிடத் தூக்கம். ஐந்நூற்றில் தொடங்கிய பேரம். "தூங்கறதுக்கு என்னங்க முதலீடு? கரண்டுகூட ஆகாதே" என்று சொல்லித் தயாரிப்பாளர் நூறைத் தட்டிவிட்டார். விற்றவர் ஒலிப்பதிவாளர். தூங்கியது அவருடைய மகள்.

மூன்று வருடத்துக்கு முந்தைய வியாபாரம் அது. அப்போது மகளுக்கு நாலு வயது. ஒலிப்பதிவாளருக்குப் பக்கத்துத் தெருவில் குண்டூசி விழுந்தாலும் கேட்கும் என்று பெயர். அதனால் ஸ்டுடியோவில் எல்லோருக்கும் அவர் பாம்புச்செவியார், சுருக்கமாகச் செவியார். புதிதாக ஒரு விண்வெளித் தொடர் ஆரம்பமானது. வேறொரு கோளில் குடியேறப் போகும் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் புறப்படுகிறது, அதில் கேள்விமேல் கேள்வி கேட்கும் ஒரு சிறுமி, சாயங்காலம் ஆறு மணிக்குப் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிற கதை. கப்பல் வெறும் அட்டையும் பெயிண்டும்தான். அதற்கு உயிர் வந்ததே செவியாரின் வீட்டிலிருந்து. அவர் வீட்டு ஃபிரிட்ஜ் உறுமினால் அது கப்பலின் இயந்திரம், பீரோக் கதவை இழுத்துச் சாத்தினால் அது கப்பலின் காற்றுப் புகாத வாசல்.

சிறுமி தூங்கும் அறைக்கு மட்டும் எந்த ஒலியும் பொருந்தவில்லை. எந்த அறையும் முழு மௌனமாக இருப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஓர் அமைதி உண்டு, அதைப் பதிவு செய்து காட்சிக்கு அடியில் விரிப்பது அவருடைய தொழில். ஒரு மத்தியானம் மகள் தூங்கும்போது தலையணை ஓரமாக மைக்கை வைத்து, தன் மூச்சை அடக்கிக்கொண்டு, மின்விசிறியும் அவள் மூச்சுமாக முப்பது விநாடி பிடித்தார். அந்த முப்பது விநாடியையே ஒட்டி ஒட்டித்தான் கப்பல் சிறுமி மூன்று வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

இந்த வருடம் புது இயக்குநர் வந்தார். "பசங்க வளந்துட்டாங்க சார், கொஞ்சம் இருட்டாக்கணும்" என்றார். கப்பல் சுவர்களுக்குள் ஏதோ ஒன்று புகுந்தது. அதற்கு முகம் கிடையாது. முகமூடி செய்யத் தயாரிப்பாளர் பணம் தரவில்லை என்பது செவியாரின் அபிப்பிராயம். தூங்குகிறவர்கள் பக்கத்தில் அது மெல்ல மெல்ல நெருங்கும். தூங்கியவர் எழுந்துவருவார், சிரிப்பார், சாப்பிடுவார். ஆனால் எழுந்து வந்தது அவராக இருக்காது. வாரத்துக்கு ஒருவர்.

செவியாருக்கு வயிறு எரிந்தது. பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டுக்குக் குடிவந்தவன் முதல் நாளே சுவரில் ஆணி அடித்தால் வருமே, அந்த எரிச்சல். ஸ்டுடியோவில் கத்த முடியாத எரிச்சலை வீட்டுக்கு எடுத்துப்போனார். அங்கே மகள் தன் அறையில் படுக்க மாட்டேன் என்று இரண்டு வாரமாக அடம். இன்றைக்கு லேசான ஜுரம் என்று பள்ளிக்கூடமும் போகவில்லை. மத்தியானம் அவர் கிளம்பும்போது தலையணையைக் கட்டிக்கொண்டு கூடத்தில் நின்றாள்.

"இன்னிக்கு மட்டும் உங்க கட்டில்பா. நாளைலேர்ந்து நானே தலை வாரிக்கறேன்."

"பேரம் பேசாத. உள்ள போ."

"சரி, தலையும் வாரிக்கறேன், பாலும் மிச்சம் வெக்காம குடிச்சிடறேன்."

"உள்ள போய்ப் படுன்னு சொன்னேன்."

"சுவர் மூச்சு விடுதுப்பா."

"அது ஒருத்தன் காசு வாங்கிட்டு எழுதின கதை. சுவருக்கு ஏதுடி மூக்கு?" கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் படுக்கவைத்துக் கதவைச் சாத்தினார். மனைவியிடம் விரலை நீட்டினார். "தானா எழுந்திரிக்கற வரைக்கும் திறக்காத. இப்ப விட்டா பத்து வயசுலயும் நம்ம நடுவுலதான் படுப்பா."

"ஜுரம் அடிக்கற பிள்ளைகிட்ட ஏங்க வீராப்பு?" என்றாள் மனைவி. அவர் செருப்பை மாட்டினார்.

ஸ்டுடியோவுக்கு ஜன்னல் கிடையாது. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே பஞ்சு ஒட்டிய சுவர்களும், சூடான கருவிகளின் வாசனையும், ஆள் நகர்ந்தால் மட்டும் நகர்கிற நிழல்களும்தான். இயக்குநர் டீக் கோப்பையோடு பின்னால் வந்து நின்றார்.

"நாலாம் பகுதியில பிரமாதம் பண்ணிட்டீங்க சார். அந்த மூச்சு!"

"எந்த மூச்சு?"

"சின்னப் பொண்ணு ரூம்ல. அவ மூச்சுக்கு அடியில மெதுவா இன்னொண்ணு வெச்சிருக்கீங்களே. அந்த ரூம் அமைதியோட சத்தத்தைக் கொஞ்சம் தூக்கி வைங்கன்னுதான் சொன்னேன், நீங்க உயிரையே எடுத்துட்டீங்க."

"தூக்கித்தான் வெச்சேன். மூச்சு எதுவும் நான் சேக்கல."

இயக்குநர் கண்ணைச் சிமிட்டினார். "புரியுது, புரியுது. தனி பில்லு. போடுங்க, முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன்."

"யோவ், வைக்கலைங்கறேன்!"

"அப்ப நானா வெச்சேன்?" என்று சிரித்துக்கொண்டே அவர் வெளியே போனார். கனத்த கதவு பின்னால் மூடிக்கொண்டது.

செவியார் ஹெட்போனை மாட்டினார். வசனம், இசை, இயந்திர உறுமல் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அந்த அமைதியை மட்டும் விட்டார். முதலில் மின்விசிறி வந்தது, ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் தட்டிக்கொண்டு. அதற்குக் கீழே மகளின் மூச்சு, குட்டியாக, அவசரமாக, மூக்கடைப்பால் ஒவ்வொரு இழுப்பின் நுனியிலும் ஒரு சின்னச் சீட்டியோடு. அதற்கும் கீழே, கிணற்றின் அடியில் யாரோ கோணியை இழுப்பதுபோல, மிக நீளமாக, மிக நிதானமாக, இன்னொன்று. இழுத்தது. நிறுத்தியது. விட்டது.

அவருடைய மூச்சா? இல்லை. பதிவின்போது மூச்சை அடக்காத ஒலிப்பதிவாளன் தராசில் கட்டைவிரலை வைக்கிற கடைக்காரன் மாதிரி. அந்தத் தப்பை அவர் ஒருநாளும் செய்ததில்லை. மனைவி அன்று ஊரிலேயே இல்லை.

இடது பக்கம், தூரத்தில் கேட்டது. மகள் அறையில் இடது பக்கம் என்றால் வெறும் சுவர்.

அவர் அதே அரை நிமிடத்தைப் பத்து முறை ஒட்டியிருந்தார். ஒரே அச்சில் அடித்த பத்து நாணயம். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் மயிரிழை வித்தியாசம் இருக்கக் கூடாது. இரண்டாவதை விட்டார். மின்விசிறி அதே இடத்தில் தட்டியது, சீட்டி அதே இடத்தில் வந்தது. நீள மூச்சு மட்டும் இப்போது சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தது.

மூன்றாவதில் கட்டிலின் கால்மாட்டில்.

பதிவு செய்த தேதியைப் பார்த்தார். மூன்று வருடப் பழசு. யாரும் தொடவில்லை. ஐந்தாவது. கட்டில் ஓரம். ஏழாவது. போர்வை உரசியது. மூன்று வருடமாக, வாராவாரம், சாயங்காலம் ஆறு மணிக்கு, அவர்கள் வீட்டுக் கூடத்திலேயே இது ஓடியிருக்கிறது. குரல்களுக்கும் இசைக்கும் அடியில். மகள் பக்கத்திலேயே.

ஒன்பதாவது. தலையணை. சின்ன மூச்சை ஒட்டி. அது இழுக்கும்போது இது விட்டது. அது விடும்போது இது இழுத்தது.

பத்தாவதை அவர் கேட்கவில்லை. ஹெட்போன் தரையில் கிடந்தது. கை தானாகப் போனை எடுத்திருந்தது.

"எழுப்பு அவளை."

"இப்பதாங்க அசந்து தூங்கறா. நீங்கதானே திறக்காதன்னீங்க," என்றாள் மனைவி.

"திறடி கதவை!"

"கத்தாதீங்க." கதவுக் குமிழ் திரும்பியது. செருப்பில்லாத கால்கள் நடந்தன. "சமத்தா மல்லாந்து படுத்திருக்கா. பாப்பா... பாப்பா... எழுந்திரிக்க மாட்டேங்கறாங்க. நல்ல அசதி."

"தூக்கு அவளை. அந்த ரூமை விட்டு வெளிய தூக்கிட்டு வா."

"என்னங்க ஆச்சு உங்களுக்கு? கனமா இருக்காளே... என்னால முடியல."

ஏழு வயதுப் பிள்ளை. நேற்று ராத்திரிகூட மனைவி அவளை ஒரு கையால் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

வண்டியை விரட்டினார். பட்டப்பகல், கண் கூசும் வெயில், கடை வாசல்களில் ஆட்கள் சாவகாசமாகக் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள்மேல் எரிந்து விழுந்தார். சிகப்பு விளக்கைத் திட்டினார், இயக்குநரின் பரம்பரையைத் திட்டினார், நூறு குறைத்த தயாரிப்பாளரைத் திட்டினார், பட்டியலில் அடுத்து நின்ற ஆள் தானே என்று தெரிந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டார். கையைப் பிடித்து இழுத்துப் போனது யார்? கதவைச் சாத்தியது யார்?

அறையில் திரை போட்டிருந்தது. துணி வழியாகப் பழுப்பாக வெளிச்சம். மருந்து வாசனை. மனைவி கட்டிலோரம் உட்கார்ந்து மகளின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஜுரம் விட்டிருச்சுங்க. தொட்டுப் பாருங்க, ஜில்லுன்னு இருக்கா."

அவர் தொடவில்லை. மின்விசிறியை அணைத்தார். ஒரு விரலை உயர்த்தினார். அந்த வீட்டில் அதற்கு ஒரே அர்த்தம்: மூச்சை அடக்கு. பத்து வருடப் பழக்கம், மனைவி கேள்வி கேட்காமல் அடக்கினாள். அவரும் அடக்கினார். விசிறி சுற்றி ஓய்ந்தது.

போர்வை உயர்ந்தது. உயர்ந்துகொண்டே இருந்தது. அத்தனை காற்றுக்கு அந்தச் சின்ன நெஞ்சில் இடம் ஏது? நின்றது. பிறகு கோணியை இழுப்பதுபோல் ஒரு நீளச் சத்தத்தோடு இறங்கியது.

அதற்குப் பின்னால்.

இடது பக்கம்.

அவர் சுவரை நோக்கி நடந்தார். காதை வைத்தார். சுண்ணாம்பு குளிர்ந்தது. உள்ளே, குட்டியாக, அவசரமாக. இழுப்பின் நுனியில் ஒரு சீட்டி.

"பாப்பா?"

ஒரு கணம் நின்றது. பிறகு வேகமாக. வேகமாக. ஓடி வந்த பிள்ளை அப்பாவைக் கண்டுவிட்டதுபோல.

அவர் முஷ்டியால் சுவரை அடித்தார். தோளால் இடித்தார். நாற்காலியை எடுத்து வீசினார், அதன் கால் ஒடிந்தது, சுவரில் ஒரு கீறல் விழவில்லை. "விடுடா அவளை! விடு!" மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்து அழுதாள். "பிள்ளை இங்க இருக்காங்க! இங்க பாருங்க, இங்கதான் இருக்கா!"

கட்டில் முனகியது. மகள் எழுந்து உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, அவரைச் சாவகாசமாகப் பார்த்துச் சிரித்தாள்.

"சத்தம் போடாதீங்கப்பா. நான் இனிமே இந்த ரூம்லயே படுத்துக்கறேன்."

அவர் தேம்பலை விழுங்கிக்கொண்டு, வேறெதுவும் செய்யத் தெரியாமல், மறுபடி மூச்சை அடக்கி எண்ணினார். மனைவியுடையது ஒன்று, அழுகையோடு. கட்டிலில் ஒன்று, நிதானமாக. சுவருக்குள் ஒன்று, ஓய்ந்துகொண்டே.