மாற்று ஆள்

வேன் நின்ற இடத்திலேயே மலை ஆரம்பித்துவிட்டது. ஆறு பேரில் கெங் தெஷான்தான் கடைசியாக இறங்கினார். வயது அறுபத்து நான்கு, வலது முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்காது. சீனப் பெருஞ்சுவர் மலைமுதுகின் மேல் ஏறி இறங்கி மூட்டத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

இந்த ஒரு நாள் நடைக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதற்கு இந்தச் சுவரைப் பார்க்கலாம் என்று வந்துவிட்டார். மனைவி சூசென் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

வழிகாட்டி பாங் லிஹுவா அடிவாரத்து ஊர்க்காரி. நாற்பத்தைந்து வயது, கணீர்க்குரல்.

"இது போட்டோ புடிக்கிறதுக்குப் பூசி வச்ச சுவர் இல்ல. கல்லு பேந்து கெடக்கு. என் முதுகைப் பாத்து நடங்க. நல்ல அகலம், தவறவிட மாட்டீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். முதல் காவல் கோபுரத்தின் வாசலில் அவள் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, உள்ளே பார்த்துச் சொன்னாள். "வழிப்போக்கருங்க. மாத்திவிட வரல."

"யார்கிட்டம்மா சொல்றே?" என்றார் கெங்.

"காவலுக்கு நிக்கிறவங்ககிட்ட, பெரியவரே. அந்தக் காலத்துல எங்க பாட்டன் பூட்டனையெல்லாம் வடக்கத்தி எதிரிக்குக் காவலா தெக்கேருந்து கூட்டியாந்தாங்க. மூணு வருஷம் நில்லு, மாத்த ஆள் வரும்னாங்க. வரவே இல்ல. சில பேரு இன்னும் கேட்டுக்கிட்டிருக்காங்களாம். யாராச்சும் கேட்டா வாயத் தொறக்காதீங்க."

கெங்கும் சிரித்தார். வாயைத் திறக்காமல் இருப்பது அவருக்குப் பெரிய விஷயமில்லை. இன்று அவர் பேசியதே நாலு நாளுக்கு அப்புறம்தான்.

மதியம் அவித்த ரொட்டியும் உப்பு முட்டையும் தின்றார்கள். அதன்பிறகு முழங்கால் தகராறு பண்ணியது. மற்றவர்களின் குரல்கள் முன்னே போய்ச் சன்னமாகி, பிறகு இல்லாமலே போயின. ஐந்தாவது கோபுரம், லிஹுவாவின் முன்னோர் காவல் நின்ற பாங் வீட்டுக் கோபுரம். அவர் வந்து சேர்ந்தபோது அங்கே யாருமில்லை.

உள்ளே குளிர்ந்த செங்கல் வாடை, ஆட்டுப்புழுக்கை வாடை. அம்பு எய்கிற ஜன்னல் வழியே ஒரு துண்டு வெளிச்சம் தரையில் கிடந்தது. கெங் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்தார்.

முதுகுக்குப் பின்னால் யாரோ காலை மாற்றி ஊன்றுகிற சத்தம்.

வெகு நேரம் நின்றவன் அப்படித்தான் காலை மாற்றுவான். அது அவருக்குத் தெரியும்.

"மாத்த ஆள் வந்தாச்சா?"

களைத்த குரல். கெங் முப்பத்தோரு வருஷம் பஞ்சாலையில் இருந்தவர். அதில் இருபத்திரண்டு வருஷம் அவருக்கும் சூசெனுக்கும் எதிரெதிர் ஷிஃப்ட். சங்கு ஊதியதும் அவள் வெளியே வருவாள், அவர் உள்ளே போவார். கேட்டருகே நின்று அவர் தோளில் முந்தின நாளே ஒட்டியிருந்த பஞ்சை எடுத்துவிட்டு அவள் கேட்பது அந்தக் கேள்விதான். அவர்களுடைய குடும்ப வாழ்க்கையில் பாதி அந்த அரை நிமிஷங்களில்தான் நடந்தது. அதற்கான பதில் மூளையில் இல்லை, நாக்கிலேயே இருந்தது.

"நான் வந்துட்டேன். நீ வீட்டுக்குப் போ."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது.

பெருமூச்சு ஒன்று கேட்டது. பிறகு காலடிகள், முதலில் தயங்கி, அப்புறம் வேகமாக, தெற்குச் சரிவில் குழந்தைபோல ஓடி மறைந்தன.

கெங் எழுந்து வாசலைத் தாண்டினார்.

எதிரே அம்பு ஜன்னல் இருந்தது.

திரும்பி மறுபடி தாண்டினார். மறுபடியும் உள்ளேதான், அதே ஜன்னல். அதே துண்டு வெளிச்சம். அவிழ்ந்த ஷூ கயிறு.

ஆள் எண்ணிக்கை குறைகிறதென்று லிஹுவா தேடி வந்தபோது அவருக்கு வேர்த்துக் கொட்டியிருந்தது. அவள் வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள்.

"என்ன சொன்னீங்க?"

அவர் சொன்னார். அவள் கையை நீட்டி இழுத்துப் பார்த்தாள். அவர் கை வாசலைத் தாண்டாமல் உள்ளேயே நின்றது.

"இனிமே யாராச்சும் மாத்தினாத்தான், பெரியவரே." அவள் அழுதாள். "எனக்கு ரெண்டு புள்ளைங்க. என்னால அந்த வார்த்தையச் சொல்ல முடியாது. மன்னிச்சிருங்க."

"சொல்லாதே, தாயி. மத்தவங்களக் கீழ எறக்கிவிடு. எனக்காகக் காத்திருக்க யாரு இருக்கா?"

சொல்லும்போது அது உண்மையென்று தெரிந்தது. அதுதான் பயத்தைவிட அதிகமாக வலித்தது. அவள் போன பின் ஜன்னலோரம் நின்று வடக்கே பார்த்தார். அங்கே எதிரியும் இல்லை, எவனும் இல்லை. முழங்கால் வலித்தது. காலை மாற்றி ஊன்றினார். கைக்கடிகாரத்தில் மணி நான்கு, பஞ்சாலையில் ஷிஃப்ட் மாறுகிற நேரம்.

எண்ணெய் வாடை அடித்தது. நூற்பு இயந்திர எண்ணெய்.

அவர் தோளில் இரண்டு விரல்கள் பட்டு, எதையோ கிள்ளி எடுத்தன.

"நான் வந்துட்டேன். நீ வீட்டுக்குப் போ."

"வேணாம் சூசென்" என்று கத்த வாயெடுத்தார். அதற்குள் அவர் வெளியே நின்றார், வெயிலில். கால் அவர் பேச்சைக் கேட்காமல் இறங்க ஆரம்பித்திருந்தது. ஒருமுறைதான் திரும்பிப் பார்க்க முடிந்தது. ஜன்னலில் ஆலைக்காரிகள் போடுகிற வெள்ளைத் தொப்பி தெரிந்தது. அது வடக்கே பார்த்து நின்றது.

அவருக்கு மார்ச்சளி வந்த குளிர்காலத்தில், தன் ஷிஃப்டை முடித்துவிட்டு அவருடையதையும் சேர்த்து ஒன்பது நாள் நின்றவள் அவள். ஆகவே, அவளை மாற்றிவிட கெங் அடுத்த வாரமே திரும்பி வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். இப்போது அந்த வேனில் அவருக்கென்று ஓர் இடம் இருக்கிறது. லிஹுவா அவரிடம் எதுவும் கேட்பதில்லை. மற்றவர்களை முன்னே நடத்திக்கொண்டு போய்விடுவாள்.

அவர் பாங் வீட்டுக் கோபுரத்துக்குள் நின்று, நான்கு மணிக்குச் சொல்வார்.

"நான் வந்துட்டேன். நீ வீட்டுக்குப் போ."

பதில் வராது. வாசல் அவரைத் தாராளமாக வெளியே விடும்.

பதினொன்றாவது வாரம் அவருக்கு ஆத்திரமாக வந்தது. "எத்தனை நாள்தான் எனக்காக நிப்பே? போயேன்!" என்று செங்கல்லைக் கையால் அடித்தார். அழுதார். தூசி உதிர்ந்தது. அதோடு வெள்ளையாக எதுவோ மிதந்து வந்து அவர் தோளில் உட்கார்ந்தது. அந்த மலையில் எங்கும் பருத்தி விளைவதில்லை.

இரண்டு விரல்கள் அதைக் கிள்ளி எடுத்தன.

"போ கெழவா" என்றது இருட்டு, காதோரமாக. "உனக்கு இன்னும் சங்கு ஊதல."