ராமுலு பிடித்த பீரங்கி வண்டி

பீளமேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கும் கெங்குசாமி வீட்டில் யாரும் பொய் பேசியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அந்த வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய படம் உண்டு. சேற்றில் ஒரு பீரங்கி வண்டி நிற்கும். அதன்மேல் கை வைத்து, காக்கி உடையில் நிமிர்ந்து நிற்பவர் ராமுலு, கெங்குசாமியின் அப்பா. இரண்டாம் உலகப் போரில் இத்தாலி வரை போய் வந்தவர். போரைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. அவர் பேசாததையெல்லாம் வீட்டார் பேசினார்கள். "எதிரியோட டேங்க்கைத் தனி ஆளாப் பிடிச்சவரு" என்பது குடும்பத்தின் பெருமையாகிவிட்டது.

ஆயுத பூசையன்று பட்டறையில் லேத்துக்கும் ஸ்கூட்டருக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். வண்டி என்றால் எல்லாம் வண்டிதானே? படத்திலிருக்கும் பீரங்கி வண்டிக்கும் கண்ணாடிமேல் பொட்டு வைப்பார்கள். ஒவ்வொரு வருடமும் பழைய பொட்டின்மேலேயே புதுப் பொட்டு.

இந்த வருடம் படத்தைத் துடைக்கும் வேலை கெங்குசாமியின் பேத்தி மௌனிகாவுக்கு வந்தது. பத்து வயது. எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டாள். காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டி எடுத்தாள். அடியில், வண்டியின்மேல், பி.எல். என்று இரண்டு ஆங்கில எழுத்துகள் தெரிந்தன.

அண்ணன் ரவிதேஜா கைபேசியில் தேடிப் பார்த்தான்.

"போலந்து நாட்டு டேங்க் மௌனி."

"எதிரி ஜெர்மனிதானே?"

"ஆமா. போலந்து நம்ம பக்கம்."

"அப்புறம் பூட்டன் எதுக்கு நம்ம பக்கத்து டேங்க்கையே பிடிச்சாரு?"

"தெரியலையே. நீ எதுக்கு அதைச் சுரண்டுன? சும்மா இருந்திருக்கலாம்."

மௌனிகாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பூட்டன் தவறு செய்தாரா? தாத்தா சொன்னது தவறா? யாரிடம் கேட்பது என்பதும் புரியவில்லை.

இதில் இன்னொரு சிக்கல். பட்டறைக்குப் புது இயந்திரம் பொருத்த வந்திருந்த மாரெக் என்பவரை அன்று மாலை பூசைக்கு அழைத்திருந்தார்கள். அவர் போலந்துக்காரர்.

மாரெக் வந்தார். கையில் ஒரு தட்டுப் பொரியோடு நேராகப் படத்தின் முன்னால் போய் நின்றார். தாத்தாவின் முதுகு இன்னும் நிமிர்ந்தது.

"ரவி, விருந்தாளிக்கு இங்கிலீஷ்ல சொல்லு. எங்கப்பா எதிரிகிட்டிருந்து பிடிச்ச டேங்க்குன்னு சொல்லு."

ரவிதேஜா ஒரு கைப்பிடிப் பொரியை வாயில் போட்டு அடைத்துக்கொண்டான். பேச முடியாது என்று கையைக் காட்டினான்.

"சரி, நீ சொல்லு அம்மணி."

அப்படியே சொன்னால் விருந்தாளி மனம் நோகும். தாத்தா பொய் சொல்பவர் என்றும் நினைப்பார். வேறு எதையாவது சொன்னால் அவளே பொய் சொன்னதாகும்.

"என்ன கண்ணு யோசனை? தாத்தா சொன்னதைச் சொல்லு."

"ஒரு நிமிசம் தாத்தா. நான் முதல்ல அவருகிட்ட ஒண்ணு கேட்டுக்கிறேனுங்க."

அவள் மாரெக்கிடம் ஆங்கிலத்தில் கேட்டாள். "இவர் என் பூட்டன். இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? உங்களுக்குத் தெரிகிறதா?"

மாரெக் கண்ணாடிக்கு மிக அருகே குனிந்தார். பீரங்கி வண்டியின் பின்புறத்தைத் தொட்டுக் காட்டினார். அங்கிருந்து ஒரு கம்பி வடம் போயிற்று. படத்தின் ஓரத்தில், அந்த வடத்தின் மறுமுனையில், ஒரு லாரியின் மூக்கு மட்டும் தெரிந்தது. மற்றதெல்லாம் சேறு.

அவர் மெதுவாகச் சொல்லச் சொல்ல, மௌனிகா கேட்டுக்கொண்டாள். பிறகு தாத்தா பக்கம் திரும்பினாள்.

"தாத்தா, பூட்டன் அங்க என்ன வேலை பார்த்தாருங்க?"

"லாரி டிரைவர். பீரங்கிக்குக் குண்டு கொண்டு போவாரு."

அதை மாரெக்கிடம் சொல்லி, அவர் பதிலையும் கேட்டுக்கொண்டாள் மௌனிகா.

"அந்த லாரி சேத்துல சிக்கிருச்சாட்டம் இருக்குதுங்க. இது போலந்து டேங்க். லாரியை இழுத்து விட வந்திருக்குது. குண்டு வராம போலந்துக்காரங்க பீரங்கியெல்லாம் சும்மா நின்னிருக்குமுன்னு இவரு சொல்றாருங்க. நம்ம பூட்டனுக்காகத்தான் காத்திருந்திருப்பாங்களாம்."

ரவிதேஜா பொரியை மெல்வதை நிறுத்திவிட்டான்.

தாத்தா படத்தருகே போனார். வடத்தைப் பார்த்தார். லாரியைப் பார்த்தார். மறுபடி வடத்தைப் பார்த்தார். அவர் முகம் இறுகியது. கோபமா, வருத்தமா என்று மௌனிகாவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"எங்கப்பா ஓட்டுன லாரி சும்மா சிக்காது" என்றார் கடைசியில். "ரோடு ரொம்ப மோசமா இருந்திருக்கும். அதைச் சொல்லு முதல்ல."

மௌனிகா சொன்னாள். மாரெக் தலையை ஆட்டி ஒப்புக்கொண்டார். இத்தாலியில் அந்தப் போரின் குளிர்காலங்களில் சாலைகள் மிக மோசம் என்றார்.

"பார்த்தியா" என்றார் தாத்தா. அவர் தோள் சற்றுத் தளர்ந்தது. பிறகு மாரெக்கின் முன்னால் நேராக நின்று, இரண்டு கைகளையும் கூப்பினார்.

"இழுத்து விட்டவங்களுக்கு எங்க குடும்பம் இத்தனை வருசமா ஒரு நன்றிகூடச் சொல்லல. இப்ப சொல்றோம். சரியாச் சொல்லு கண்ணு."

அதை ஒரு சொல் விடாமல் சொன்னாள் மௌனிகா.