பெரியண்ணன் நடை

முதல் எட்டு எடுத்து வைத்தபோதே அடைக்கலத்துக்குச் சரியாகப் படவில்லை. மெஷின் அவருடைய வலது காலை நேராகத் தூக்காமல், வெளிப்பக்கமாக ஒரு வீச்சு வீசி, குதிகாலைத் தொம்மென்று ஊன்றியது. ஆயுசுக்கும் அவர் அப்படி நடந்தவரில்லை. அப்படி நடந்த ஆள் இந்த ஊரில் ஒருவன்தான். வண்டி மாடு உதைத்து இடுப்பு பிசகிய பங்காளி பெரியண்ணன். அவனைப் போன வாரம் எரித்தாகிவிட்டது.

வாதம் வந்து, வலப்பக்கம் முழுக்க விழுந்து, வாய் கோணி, பேச்சு குழறி, அடைக்கலம் கட்டிலில் கிடந்த மாசங்களில் எட்டிப் பார்க்காத சனமெல்லாம் இன்றைக்குத் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. அன்னவாசல் பக்கம் புதிதாகத் திறந்த வைத்தியசாலை வேனில் வந்து இறங்கிய, நடக்க வைக்கிற சாமான் அது. இடுப்பிலிருந்து கணுக்கால் வரைக்கும் இரும்பும் பட்டையுமாக, எவனோ கழற்றிப் போட்ட எலும்பு மாதிரி இருந்தது. ஜேசிபி ஓட்ட அண்ணன் லைசென்ஸ் வாங்கியாச்சா என்று கேட்டான் டீக்கடைக்காரன். ஒருத்தி முழங்கால் மோட்டாருக்குத் திருநீறு பூசிவிட்டாள். சாமி முடக்கிய காலை மனுசன் எழுப்பினால் குடும்பத்துக்கு ஆகாது என்று ஒருவர் முனகினார். முனகிக்கொண்டே செல்போனில் படமும் பிடித்தார்.

அடைக்கலத்துக்குப் பட்டைகளின் வாடைதான் குமட்டியது. டெட்டால் போட்டுத் துடைத்திருந்தார்கள். அதற்கு அடியில் மூக்குப்பொடியும் தைலமும், கடைசிக் காலத்தில் படுத்தே கிடந்த ஒருவனின் புளித்த வேர்வையும் ஊறிக் கிடந்தன. அவருக்கு முன்னால் இதை மாட்டி நடந்தவன் பெரியண்ணன்தான். நடக்கும்போதே நெஞ்சு அடைத்துப் போனான். உயிர் போன பிறகும் மெஷின் அவனை நாலு எட்டு நடத்திக்கொண்டு போனதாக ஊரில் பேச்சு.

"அவன் நடைய இதுலேருந்து எடுத்தாச்சா?" என்று குழறிக் கேட்டார்.

பயிற்சி கொடுக்க வந்த ஷீபாவுக்கு அது எப்படியோ புரிந்தது. "எல்லாம் அழிச்சு ஒங்க அளவுக்கு மாத்தியாச்சு தாத்தா. நீங்க சாயிற பக்கம்தான் அது போகும். பயப்படாம நடங்க."

படித்தவர்கள் பேச்சை அவர் என்றைக்கு நம்பினார்? ஆனாலும் ஒரு ஆசை. மருமகள் கலைமதி முகத்தைத் திருப்பிக்கொண்டு மூத்திரப் பாத்திரத்தை எடுத்துப் போவது நிற்க வேண்டும். சொந்தக் காலில் கொல்லைக்குப் போய் வர வேண்டும். அந்த ஒன்றுக்காகத்தான் செத்தவன் மாட்டியதைத் தானும் மாட்டிக்கொண்டார்.

தெருமுனையில் இடப்பக்கம் திரும்பி வீட்டுக்கு வருவதாகப் பேச்சு. அவர் இடப்பக்கம் சாய்ந்தார். மெஷின் வலப்பக்கம் திரும்பியது.

அங்கிட்டு ஒரே வீடுதான், பெரியண்ணன் வீடு. வரப்புத் தகராறில் நல்லது கெட்டது அறுத்துக்கொண்ட வீடு. அவன் சாவுக்குத் தன் வீட்டிலிருந்து ஒரு மாலைகூடப் போகக் கூடாது என்று கட்டிலில் கிடந்தபடியே மறித்தவர் அடைக்கலம். இன்றைக்கு அங்கே செத்தவனுக்கு எட்டாம் நாள் படையல். விளக்கு வைக்கிற நேரம். சாம்பிராணிப் புகையும் கோழிக்குழம்பு வாசனையும் தெருவில் தாழ்ந்து தவழ, இடுப்புக்குப் பக்கத்தில் மோட்டார் ஈனமாக முனக, குதிகால் தொம், தொம் என்று மண்ணில் இறங்க, அவருடைய நிழலே அவருக்கு முன்னால் காலை வீசி வீசி நடந்தது.

நிறுத்து என்று கத்தினார். வாயில் "நூ... நூ" என்றுதான் வந்தது.

பெரியவர் அழுகிறார் என்றார்கள். பகையை மறந்து பங்காளி வீட்டுக்குப் போகிறார் என்றார்கள். கை தட்டினார்கள். ஷீபா கையிலிருந்த ரிமோட்டை அமுக்கினாள். மறுபடியும் அமுக்கினாள். "நீங்கதான் தாத்தா சாயிறீங்க" என்றாள். இந்தத் தடவை அவள் குரல் இறங்கியிருந்தது.

படையல் போட்டதும் வீட்டார் எல்லோரும் வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டுக் காத்திருப்பது இங்கே வழக்கம். செத்தவர் வந்து சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் யாரும் திறக்கக் கூடாது. பெரியண்ணன் சம்சாரம் செவந்தி கதவைச் சாத்தக் கை நீட்டிக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றிருந்தாள்.

தொம்.

அவள் கை நின்றது.

தொம்.

திரும்பினாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒதுங்கி வழி விட்டாள்.

"வாங்க," என்றாள். "எலை போட்டு எம்புட்டு நேரமாச்சு."

கை தட்டல் அடங்கியது. யாரும் அவரைப் பிடிக்கவில்லை. மறிக்க வந்த ஷீபாவை இரண்டு பொம்பளைகள் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். கலைமதி தலையைக் குனிந்துகொண்டாள்.

மெஷின் நிலைப்படியைத் தாண்டியது.

கதவு சாத்திக்கொண்டது. வெளியே கொண்டி விழுந்தது.

ஒரு விளக்கு. ஒரு எலை. ஆவி பறக்கும் சோறு.

மெஷின் முழங்காலை மடக்கி அவரை எலைக்கு முன்னால் உட்கார வைத்தது. மோட்டார் ஓய்ந்தது. வெளியே ஒரு சத்தமும் இல்லை. மூக்குப்பொடி வாடை இப்போது பட்டையிலிருந்து வரவில்லை. அவருடைய மூச்சிலிருந்து வந்தது.

அப்புறம், மாசக்கணக்கில் மடியில் செத்துக் கிடந்த வலது கை, எந்த மெஷினும் மாட்டாத கை, மெல்ல எழுந்து சோற்றைப் பிசைய ஆரம்பித்தது.