மாத்த வந்த ஆள்

மட்டக்குளி பஸ்ஸை விட்டு இறங்கியபோதே பிறிஜெற்றுக்கு அந்தக் கட்டடம் பிடிக்கவில்லை. வெள்ளைக்காரன் காலத்து நூல் மில். ஊருக்கே நூல் நூற்றுத் தள்ளிய இடமாம். பிறகு பூட்டிக் கிடந்து, வௌவால் குடியிருந்து, இப்போது உடுப்புத் தைக்கும் காமன்ட் ஆகியிருந்தது. சுற்றிலும் மாடிவீடுகள் எழும்ப, இது மட்டும் கரிபிடித்த சுவரோடு நின்றது.

பிடித்தால் என்ன, பிடிக்காவிட்டால் என்ன? கொட்டாஞ்சேனை வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். மகள் டிலானி படித்து முடிக்க வேண்டும். "நீ மட்டும் இந்த மெஷினுக்கு வரக்கூடாது புள்ள, நான் செத்தாலும் வரக்கூடாது" என்பதுதான் பிறிஜெற்றின் காலைச் செபம்.

பக்கத்து மெஷின் நிம்றா முதல் நாளே ஒன்று சொல்லிக் கொடுத்தாள்.

"இங்க சும்மா எழும்பிப் போக ஏலா அக்கா. எங்கட இடத்துக்கு மாத்த வாற ஆள் தோள்ல கை வச்சி, 'எழும்புங்க, நான் பாக்கிறன்' எண்டு சொல்லோணும். மில் காலத்துப் பழக்கம்."

பிறிஜெற்றுக்கு அது பிடித்துப் போனது. வீட்டில் அடுப்படியில் நிற்கும் டிலானியின் தோளிலும் கை வைத்து அதையே சொல்வாள். அவளும் சிரித்துக்கொண்டு தாய்க்கு அதையே திருப்பிச் சொல்வாள்.

ஒரு மாலை, நல்ல மழை. கரண்ட் போய்விட்டது. எல்லோரும் படியிறங்கிவிட்டார்கள். சாப்பாட்டுப் பெட்டியை மறந்துவிட்ட பிறிஜெற் மட்டும் மேலே திரும்பி வந்தாள்.

இருட்டு. பஞ்சுத் தூசியும் கருகிய எண்ணெயும் கலந்த ஒரு நாற்றம்.

எங்கோ ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

பகலில் வெறும் சுவராக இருந்த மூலையில், குனிந்தபடி ஒருத்தி நூல் இழுத்துக்கொண்டிருந்தாள். தலை, கழுத்து, முகம் எல்லாம் பஞ்சு படிந்து, கண் எது வாய் எது என்று தெரியவில்லை.

"மாத்த ஆள் வரேல்ல..." கிசுகிசுத்தாள். "என்ட புள்ள கேற்றடியில நிக்கிறா. இருட்டிப் போச்சு."

கொஞ்சம் யோசித்திருக்கலாம். கரண்ட் இல்லாமல் எந்த மெஷின் ஓடும்? ஆனால் பிள்ளை என்று கேட்ட பிறகு பிறிஜெற்றின் மனசு நிற்குமா! கை தானாகவே அவள் தோளுக்குப் போனது. தோள் நனைந்த பஞ்சாக உள்ளே அமுங்கியது.

"எழும்புங்க. நான் பாக்கிறன்."

அவள் எழுந்தாள். திரும்பிப் பார்க்காமல் சுவருக்குள் நடந்து போனாள்.

பிறிஜெற் உட்கார்ந்தாள். பிறகு எழும்ப முடியவில்லை.

மறுநாள் வெளிச்சத்தில் எல்லோரும் வந்தார்கள். மேசையில் இருந்த சாப்பாட்டுப் பெட்டியைக் கட்டிப்பிடித்து நிம்றா அழுதாள். "நான் இங்கதான் இரிக்கிறன்!" என்று பிறிஜெற் தொண்டை கிழியக் கத்தினாள். மெஷின் சத்தம் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. பொலிஸ் வந்து போனது. மகள் கொச்சிக்கடை அந்தோனியாருக்கு நேர்ந்துகொண்டதாக யாரோ சொன்னார்கள். பிறிஜெற்றின் முகத்தில் பஞ்சு படியத் தொடங்கியது. கைகள் நூலை இழுத்துக்கொண்டே இருந்தன.

பிறகு ஒரு காலை, பிறிஜெற்றின் மெஷினுக்குப் புது ஆள் வந்தாள். தாயின் இடத்தை மகளுக்குக் கொடுத்துவிட்டார்களாம். பெரிய மனசாம் அவர்களுக்கு!

நீலத் தொப்பிக்குள் டிலானியின் முகம்.

ஐயோ, என் பிள்ளையே. படிப்பு என்ன ஆச்சு?

அன்றிலிருந்து பிறிஜெற் அழுவதில்லை. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டாள். பிள்ளையின் காதில் எதுவும் விழக்கூடாது. எவ்வளவு காலமானாலும் இந்த நூலை இழுத்துக்கொண்டே கிடக்கிறேன், அவள் மட்டும் இந்தப் பக்கம் திரும்பாமல் இருக்கட்டும்.

மழை வந்தது. கரண்ட் போனது. எல்லோரும் இறங்கினார்கள்.

படியில் செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. மேசையில் மறந்துவிட்ட சாப்பாட்டுப் பெட்டியை எடுத்த டிலானி, மூலையைப் பார்த்து நின்றாள்.

"யாரு... இன்னும் போகல்லியா நீங்க?"

பிறிஜெற் வாயை இறுக்கிக்கொண்டு தலை குனிந்தாள். போ மகள். போயிரு.

"பாவம். மாத்த ஆள் வரல்லியா?"

தோளில் ஒரு சின்னக் கை விழுந்தது. சூடான கை.

"எழும்புங்கம்மா. நான் பாக்கிறன்."

பிறிஜெற்றின் கால்கள் தாமாகவே எழுந்தன.