பூரணத்தின் பாண்

கரவெட்டிப் பக்கத்து மிஷன் பள்ளியின் பெண்கள் விடுதியில் பூரணம் சேர்ந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் அவளைக் கிணற்றடிக்குத் துரத்திவிட்டார்கள்.

அவள் செய்த குற்றம் ஒன்றும் இல்லை. அவளுடைய தகப்பனார் பனையில் ஏறிக் கள் இறக்குகிறவர். அவருடைய மகளோடு ஒரே வாங்குப் பலகையில் இருந்து சாப்பிட மாட்டோம் என்று பெரிய வகுப்புச் செல்வநாயகி தட்டைத் தள்ளிவிட்டு எழும்பினாள். அவளைப் பார்த்து இன்னும் பதினொரு பேர் எழும்பினார்கள். பெற்றோர் வந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்களே என்று விடுதி அம்மாவுக்குப் பயம். கொஞ்ச நாளைக்கு என்று சொல்லி, பூரணத்தின் சோற்றை ஒரு பனையோலைத் துண்டில் வைத்து வெளியே அனுப்பிவிட்டார். ஒரு தட்டுக்கூடக் கொடுக்கவில்லை.

இத்தனைக்கும் அன்று காலைதான் வேதபாடத்தில் இயேசுவின் அப்பத்தைப் பற்றிப் படித்தார்கள். அவர் ஒரே அப்பத்தைப் பிட்டு எல்லாருக்கும் கொடுத்தார், அதில் பங்கு பெறுகிறவர்கள் எத்தனை பேரானாலும் ஒரே உடம்பு என்று ரீச்சர் விளங்கப்படுத்தினார். அதை ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்புவித்துப் பரிசு வாங்கியது யார்? இதே செல்வநாயகிதான். காலையில் வாய் நிறைய ஒரே உடம்பு. மத்தியானம் கிணற்றடி!

பத்து வயது அருந்ததி தட்டைத் தள்ளவில்லை. ஆனால் வாயும் திறக்கவில்லை. அவளும் செல்வநாயகியைப் போலத் தோட்டம் துரவு உள்ள குடும்பத்துப் பிள்ளைதான். கள் இறக்குகிறவர்களை அவள் வீட்டிலும் இப்படித்தான் வெளியே நிறுத்துவார்கள். குனிந்தபடி சாப்பிட்டு முடித்துக் கை கழுவக் கிணற்றடிக்குப் போனாள். அங்கே பூரணம் ஓலையை மடியில் வைத்துக்கொண்டு சோற்றைத் தொடாமல் இருந்தாள்.

"ஞாயிற்றுக்கிழமை ஐயா வருவார். நான் அவரோடை போறன்," என்றாள் பூரணம். "இனிப் படிக்க வரமாட்டன்."

அருந்ததிக்குச் செல்வநாயகி மேல் வந்த கோபத்தை விடத் தன்மேல் வந்த கோபம்தான் பெரிதாக இருந்தது.

மறுநாள் பள்ளி விட்டதும் பாண் வாங்கி வருவது அவளுடைய முறை. சமையல் செய்யும் லூர்த்தம்மாவோடு கடகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சந்திப் பேக்கரிக்குப் போனாள். பாண் போறணை அடுப்பில் வெந்துகொண்டிருந்தது. பின்பக்கத்தில் அடுத்த பாணுக்கு மா குவித்திருந்தார்கள். தோளில் மண் முட்டியோடு வந்த ஒருவர் அதை இறக்கி வைத்தார். பேக்கரிக்காரர் அதிலிருந்த கள்ளை நுரைக்க நுரைக்க மாவில் ஊற்றினார்.

அருந்ததி கண்ணை அகல விரித்து, ஏன் என்று கேட்டாள்.

"கள்ளு விடாட்டி மா பொங்காது, பிள்ளை. பாண் கல்லு மாதிரிக் கிடக்கும்," என்றார் அவர்.

முட்டி கொண்டுவந்தவர் அவளுடைய பள்ளிக்கூடச் சட்டையைப் பார்த்தார். தயங்கித் தயங்கிக் கிட்ட வந்தார்.

"நாச்சியார், எங்கடை பூரணம் வேளைக்குச் சாப்பிடுதோ?"

அருந்ததியின் அப்பாவை விட வயது கூடியவர். அவர் போய்ப் பத்து வயதுப் பிள்ளையை நாச்சியார் என்கிறார்! அருந்ததிக்கு வெட்கமாய்ப் போயிற்று. "ஓம்," என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு நடந்தாள். வழி முழுவதும் லூர்த்தம்மாவைக் கேள்வி கேட்டுக் குடைந்தாள். பத்து வருசமாக விடுதிக்கு அந்தப் பேக்கரிப் பாண்தான், அந்தப் பேக்கரிக்கு அவருடைய கள்தான் என்று தெரிந்துகொண்டாள்.

பின்னேரம் எல்லாருடைய தட்டிலும் சுடச்சுடப் பாண் விழுந்தது. செல்வநாயகி முதல் துண்டைச் சம்பலில் தொட்டாள்.

"பொறுங்கோ அக்கா," என்றாள் அருந்ததி. அவள் எழும்பி நின்றாள். "இந்த மாவைப் பொங்க வைச்சது பூரணத்தின்ரை ஐயா இறக்கின கள்ளு. அவரின்ரை பிள்ளையோடை இருக்கேலாதெண்டால் இந்தப் பாணையும் தின்னாதேங்கோ. தின்னுறதெண்டால் அவளும் இந்த வாங்கிலை இருக்கவேணும்."

"பொய்," என்றாள் செல்வநாயகி.

"பொய்யில்லைப் பிள்ளை," என்றார் வாசலில் நின்ற லூர்த்தம்மா. "உந்தப் பாணைத்தான் இவ்வளவு நாளும் தின்னுறியள்."

அருந்ததி கிணற்றடிக்குப் போய்ப் பூரணத்தின் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். நடந்ததைக் கேட்ட பூரணம், "எங்கடை ஐயாவின்ரை கள்ளோ?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். விடுதிக்கு வந்தபிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அருந்ததி தன் பாணைப் பிட்டுப் பாதியை அவளிடம் கொடுத்தாள். சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர் நகர்ந்து இடம் விட்டார்கள். அவர்களுக்குப் பசி; பாணோ சூடாக இருந்தது. விடுதி அம்மா உள்ளே போய் ஒரு தட்டைக் கொண்டுவந்து பூரணத்தின் முன்னால் வைத்தார்.

செல்வநாயகி மட்டும் எழும்பிப் போனாள். மறுநாள் காலையிலும் பாண்தான். வாங்கின் அந்தத் தொங்கல் முனையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்து இருந்தாள். மூன்று துண்டு தின்றாள்.

ஞாயிறு பின்னேரம் பூரணத்தின் ஐயா வாசற் படலைக்கு வெளியே வந்து நின்றார். பூரணம் ஓடிப்போனாள். கையில் பெட்டி இல்லை.

"ஐயா, நான் வரேல்லை. நீங்கள் போய்ட்டு வாங்கோ," என்றாள். "மணி அடிச்சிட்டுது. பிந்தினால் என்ரை பாணையும் இவளவை திண்டுபோடுவாளவை."